ராக்கெட் கார்டும் செவலை நாயும்

போர்மேன் வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்தி என் மகள். அவளுக்கு மட்டும் எழுதினால், "அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டாக" என்று படிக்காமலே மடித்து வைத்துவிடுவாள். அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் படித்தால் வெட்கத்துக்காவது அவளும் படிப்பாள்.

பட்டாசு மருந்து எப்படிக் கலக்க வேண்டும், ஒரு ரூமுக்குள் எத்தனை பேர் இருக்கலாம், வெயில் ஏறினால் எதைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் பரீட்சைக்கே படித்திருப்பீர்கள். நான் பத்தாவதோடு நின்ற ஆள். அதில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் புதுசாக ஒன்றும் கிடையாது. புத்தகத்தில் போடாத ஒன்று இருக்கிறது. ஆட்களுடைய கை மருந்தில் இருக்கும். மனசு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதும் போர்மேன் வேலைதான்.

இந்தக் காலத்தில் அந்த மனசு வாட்ச்மேன் ரூமில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. பட்டாசு கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது இல்லையா, காலையில் வேனை விட்டு இறங்கியதும் எல்லாரும் போனை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பு உள்ளே போய்விடும். மனசு பெட்டிக்குள்ளேயே கிடந்து சாயங்காலம் வரைக்கும் துடிக்கும்.

நான் ஓய்வு பெற்றதுக்கு முந்தின சீசன். தாயில்பட்டிப் பக்கம் இருந்த கம்பெனி. தீபாவளி நெருங்கி, வடக்கேயிருந்து ஆர்டர் மேல் ஆர்டர் வந்துகொண்டிருந்த சமயம். காலையில் கேட்டில் சோதனை நடக்கிறது. வாட்ச்மேன் மாடசாமி ஒவ்வொருத்தராகத் தடவிப் பார்த்து அனுப்புகிறார். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்க்கும் காளிராஜ் வந்து நின்றான். கல்யாணம் நிச்சயமான பையன், நல்ல வேலைக்காரன். பெட்டியில் போனைப் போட்டான். சட்டைப்பை காலி, இடுப்பு காலி. மாடசாமி தூக்குவாளியைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

"என்னலே, இன்னைக்கு உன் சோறு நடுங்குது?"

"குளிருது போல, மாமா" என்றான் அவன்.

திறந்து பார்த்தால், தயிர்சோற்றுக்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றி இன்னொரு போன். பெட்டியில் போட்டது வீட்டில் கிடந்த பழைய செத்த போன்.

மாடசாமி சிரித்துவிட்டார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போன் எந்த ரூமுக்குள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நினைத்தால் உங்களுக்கும் சிரிப்பு வராது.

ரூல்படி அவனை அன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு வேலை பழக்கிய பழைய போர்மேன் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஆளை விரட்டுறது லேசு. விரட்டுனா எங்கன போய் நிப்பான்னு யோசிச்சுட்டு விரட்டு." காளிராஜை விரட்டினால் எங்கே போய் நிற்பான்? வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தப் போனையே பார்ப்பான். அது தண்டனையா, தீபாவளிப் பரிசா?

தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன்.

"எதுக்குலே இது?"

"போன்ல கிரிப்டோ காயின் வாங்கியிருக்கேன், அண்ணாச்சி. பத்து மணிக்கு மேல ஏறும். ஏறும்போது சார் மெசேஜ் போடுவாரு. உடனே விக்கணும்."

"எந்தச் சார்?"

"குரூப்ல இருக்கிற சார்."

"நேர்ல பாத்திருக்கியா?"

"வீடியோல பாத்திருக்கேன். கார்ல உக்காந்து பேசுவாரு."

"கார் ஓடுச்சா?"

யோசித்தான். "இல்ல. நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

போட்ட பணம் இரண்டு மடங்காகிவிட்டதாகப் போன் காட்டுகிறதாம். எடுத்துப் பார்த்தாயா என்றேன். இன்னும் கொஞ்சம் போட்டால்தான் எடுக்க முடியுமாம்.

முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். மருந்து ரூமிலிருந்து எடுத்து, சீசன் முடிகிற வரைக்கும் அவனைப் பெட்டி கட்டுகிற கொட்டகையான பாக்கிங் செட்டில் போட்டோம். பாக்கிங்கில் கூலி குறைவு. அவனுக்கு அது வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் செய்தேன்.

பாக்கிங் செட்டில்தான் மாரிச்செல்வி இருந்தாள். காளிராஜின் அத்தை மகள். தை மாசம் அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். கிப்ட் பாக்ஸில் வெடிகளை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் சொன்னாள்:

"அண்ணாச்சி, அவுக போனஸையும் என் போனஸையும் சேர்த்து அந்தச் சார்ட்ட போடணும்னு கேக்காக. போனஸ் அன்னைக்குச் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கடன் வாங்கிப் போடுவாக. இப்பன்னா என் பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருக்காக."

பிள்ளைகளா, போனஸ் என்றால் என்ன என்று நீங்கள் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். தீபாவளி முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். மழையும் பிடித்துக்கொள்ளும். மறுபடி வேன் வந்து ஆரன் அடிக்கிற வரைக்கும் அடுப்பு எரிய வேண்டியது அந்தப் போனஸில்தான். இந்த இரண்டு பேருக்கும் அதோடு கல்யாணமும் அதில்தான் நடக்க வேண்டும்.

முதலில் எல்லா பெரிய மனுசனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டு, பேராசை பெருநஷ்டம் என்று புத்தி சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையை ஆட்டிக்கொண்டே கண்ணை மட்டும் போன் பெட்டிப் பக்கம் வைத்திருந்தார்கள். காளிராஜ் மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மாடசாமியிடம் புலம்பினேன். அவர் காலடியில் செவலை படுத்திருந்தது. கம்பெனி நாய் இல்லை, யாருடைய நாயும் இல்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் படுக்கும், இல்லாவிட்டால் தண்ணித் தொட்டி நிழலில் படுக்கும். அதற்கு உலகத்தில் வேறு ஜோலி கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரு விசமம் தோன்றியது.

பாக்கிங்கில் மிஞ்சிய ராக்கெட் லேபிள் அட்டைகளைச் சின்னச் சின்னதாக வெட்டினோம். "ராக்கெட் கார்டு" என்று பெயர் வைத்தோம். எங்கள் கம்பெனியில் ஆளுக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று டீ டோக்கன் கொடுப்பார்கள். வெளியே உள்ள கடையில் கொடுத்தால் ஒரு டீ, ஒரு வடை. அந்த டோக்கனைக் கொடுத்து மாடசாமியிடம் ராக்கெட் கார்டு வாங்கலாம். கார்டின் விலை கேட்டில் தொங்கும் சிலேட்டில் இருக்கும். சாயங்காலம் புது விலை எழுதுவோம். ஏறியிருந்தால் விற்று அதிக டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். மத்தியானத்தில் உங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்ளுங்கள் என்றோம். டோக்கன் பத்தாவிட்டால் கடைக்கு நான் பணம் கட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்ன பாடு படுத்தியது என்பது பின்னால் வரும்.

முதலாளியிடம் கேட்டபோது, "மருந்து ரூம் ஆளுக யாரும் இதுல சேரக் கூடாது. பாக்கிங் ஆளுக மட்டும் ஆடட்டும்" என்றார். சரியான பேச்சு. விளையாட்டாக இருந்தாலும் அந்த நினைப்பு மருந்துப் பக்கம் போகக் கூடாது.

விலையை நாங்கள் எப்படி முடிவு பண்ணினோம் தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் செவலை வேப்பமரத்தடியில் படுத்திருந்தால் விலை ஏறும். தண்ணித் தொட்டிப் பக்கம் படுத்திருந்தால் இறங்கும். அவ்வளவுதான். எனக்கும் மாடசாமிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. போனஸுக்கு முந்தின நாள் இந்த ரகசியத்தை உடைத்தால் எல்லாருக்கும் வெட்கமாகிவிடும், புத்தி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே இரண்டு பேர் வாங்கினார்கள். விலை ஏறியது. மறுநாள் பாதி செட்டு வாங்கியது. அப்புறம் செட்டுக்குள் பேச்சே மாறிவிட்டது.

"லோடு லாரி வந்தா ஏறுது, கவனிச்சியா?"

"லாரி இல்லடா, காத்து. மேகாத்து அடிச்சா இறங்குது."

"முதலாளி கார் வெளிய போனா இறங்குது. அவருதான் விக்கிறாரு போல."

காளிராஜ் எல்லாரையும் மிஞ்சிவிட்டான். பாக்கிங் பேப்பரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இழுத்து, "இதுக்குக் கீழ போகாது, போனாலும் திரும்பி வந்துரும்" என்று வகுப்பு எடுத்தான். அவன் பேச்சைக் கேட்டு வயசான பொம்பளைகள்கூட வடையை விட்டுவிட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா என்னிடமே வந்து, "போர்மேன் தம்பி, நீங்களும் ரெண்டு வாங்கிப் போடுங்க. காளிராஜு சொன்னா சரியா இருக்கும்" என்று புத்தி சொன்னாள்.

காளிராஜ் சொன்னது சரியாக இருக்கவில்லை. இத்தனை நாட்களில் ஒரு நாளாவது தவறிப்போயாவது சரியாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் ஏறும் என்றால் இறங்கியது, இறங்கும் என்றால் ஏறியது. அவன் டீ குடித்து நாளாகிவிட்டது. எனக்கே இது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பாடம் நன்றாக இறங்குகிறது என்று உள்ளுக்குள் குஷியாக இருந்தேன்.

போனஸுக்கு முந்தின நாள். மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டு செட்டில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று ரகசியத்தை உடைத்தேன். செவலையைக் கைகாட்டி, "இதுதான் உங்க மார்க்கெட்டு" என்றேன்.

முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாரும். சரி, பாடம் முடிந்தது என்று நான் உட்காரப் போனேன். காளிராஜ் எழுந்தான்.

"அண்ணாச்சி, அப்போ நான் லாரியையும் காத்தையும் பாத்ததுதான் தப்பு. நாயை ஸ்டடி பண்ணியிருந்தா அம்புட்டையும் ஜெயிச்சிருக்கலாம்!"

"ஆமாலே!" என்றது கூட்டம். "மாடசாமி மாமா, இன்னைக்கு எந்தப் பக்கம் படுக்கும்? அதுக்கு வயிறு நெறஞ்சா எந்தப் பக்கம், பசிச்சா எந்தப் பக்கம்?" இரண்டு பேர் அப்போதே செவலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் இத்தனை நாளாகக் கட்டிய பாடம் மழையில் நமத்துப்போன வெடி மாதிரி புஸ்ஸென்று போய்விட்டது. எல்லார் முன்னாலும் நின்றுகொண்டிருக்கிறேன். விடிந்தால் போனஸ். இந்த மாதிரி நேரத்தில் ஒரு போர்மேன் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: சத்தம் போடுவது. நான் பேசாமல் நின்றேன். நின்றது நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் அப்போது மாரிச்செல்வி தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ராக்கெட் கார்டு கட்டுக் கட்டாக விழுந்தது. கூடவே டீ டோக்கன் குவியலாக விழுந்தது. கடைசியாகப் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் ஒன்று.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும், அண்ணாச்சி" என்றாள். "சாப்பாடு முடிஞ்சதும் மாடசாமி மாமா எந்திரிச்சு மொத வேலையா நாயைப் பாக்காக. அப்புறமாத்தான் சாக்பீஸைத் தேடுதாக."

மாடசாமி வேறு பக்கம் பார்த்தார்.

அவள் காளிராஜைப் பார்த்தாள். "மச்சான், மத்தியானம் இன்னைக்கு ஏறும்னு சொல்லி எல்லாத்தையும் வாங்குனீகள்ல, வித்தது யாரு? நான்தான். வித்துட்டு பிஸ்கட்டைத் தண்ணித் தொட்டிக்கிட்ட போட்டுருவேன். செவலை அங்கன போய்ப் படுத்துக்கிரும். சாயங்காலம் விலை இறங்கினதும் நானே மாமாட்ட மறுபடி வாங்கிக்கிருவேன். நீங்க இறங்கும்னு சொல்லி விக்கிற அன்னைக்கு, நான் வாங்கிக்கிட்டு பிஸ்கட்டை வேப்பமரத்தடியில போடுவேன். இத்தனை நாளா ஒங்க வடையைத்தான் நான் தின்னுக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பில் செட்டு அதிர்ந்தது. காளிராஜின் முகம் சிவந்துபோயிற்று. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"செவலைக்கு நான் பிஸ்கட் போட்டேன். சரி. ஒங்க போனுக்குள்ள ஒரு நாய் படுத்திருக்குல்ல, அதுக்கு யாரு மச்சான் பிஸ்கட் போடுறா?"

அந்த ஏழெட்டுப் பேர் கையில் இருந்த சோற்றை வாயில் வைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளா, அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. விலை எதையாவது பிடித்து ஏறும் இறங்கும் என்பதுவரைக்கும்தான் எனக்கு எட்டியது. அதை ஒருத்தன் நகர்த்தலாம், நகர்த்துகிறவன் நமக்கே விற்றுவிட்டு அப்புறம் நகர்த்தலாம் என்பது பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் எட்டியது.

மறுநாள் போனஸ் கொடுத்தார்கள். சாயங்காலம் எல்லாரும் கவரோடு கேட்டுக்கு வந்தார்கள். மாடசாமி பெட்டியைத் திறந்து போன்களைக் கொடுத்தார். வேன் நிற்கிறது, டிரைவர் ஆரன் அடிக்கிறார். யாரும் ஏறவில்லை. எல்லார் கண்ணும் காளிராஜ் மேல். மாரிச்செல்வி தன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் எதிரில் நின்றாள்.

"இன்னைக்குப் பதில் சொல்றேன்னேன்ல. நீங்க சொல்லுங்க, என்ன பண்ணணும்?"

காளிராஜ் போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். மாடசாமி கழுத்தை நீட்டிப் பார்த்தார். சாரிடம் குரூப்பில் கேட்டிருந்தான்: "சார், நாங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்களுக்கு வருமானம் எதுல வருது?"

அனுப்பிவிட்டு நின்றான். நாங்களும் நின்றோம். டிரைவர் மறுபடி ஆரன் அடித்தார். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

"தூக்கிட்டாக" என்றான்.

"யாரைலே?"

"என்னைத்தான். குரூப்பை விட்டே தூக்கிட்டாக."

மாடசாமி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பரவாயில்லலே. நம்ம செவலைகூட கேள்வி கேட்டா குலைக்கவாவது செய்யும்!"

ஏற்கெனவே அவன் போட்டிருந்தது திரும்பி வரவில்லை. அது போனதுதான். போனஸ் போகவில்லை. தன் கவரை அவன் அவள் பைக்குள் வைத்தான். வைத்துவிட்டு, "ஒரு கைப்பிடி மட்டும் எனக்கு வேணும். எதிலாவது போட்டுப் பாக்கணும்" என்றான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை.

"ரூமுக்குள்ள அன்னைக்கு வேண்டிய மருந்து மட்டும்தான் வைக்கணும், மிச்சம் தள்ளி இருக்கிற மேகசின் குடோன்ல இருக்கணும்னு அண்ணாச்சி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காகள்ல?" என்றாள். "அதே மாதிரிதான். மொத கம்பெனி பூட்டியிருக்கிற நாளுக்குச் சோறு. ரெண்டாவது கல்யாணம். மிச்சத்துல ஒரு கைப்பிடி எடுத்துக்கோங்க. எரிஞ்சாலும் தீ வீட்டுக்கு வரக் கூடாது, அம்புட்டுத்தான்."

மறுநாள் இரண்டு பேரும் பணத்தைப் போட்டு வைக்கத் தபாலாபீஸுக்குப் போனார்கள். அதற்கு அடுத்த நாள் அந்த ஏழெட்டுப் பேரில் நாலு பேரும் போனார்கள். மீதிப் பேர் போகவில்லை. எல்லாரையும் திருத்திவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கடைசி வேலை நாளில் மாரிச்செல்வி தன் டோக்கன் குவியல் அத்தனையையும் கடையில் கொட்டி, கம்பெனி முழுக்க வடை கொடுக்கச் சொன்னாள். டோக்கன் பத்தாவிட்டால் நான் பணம் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா? எல்லாரும் தின்றார்கள். அந்த அம்மா, "போர்மேன் தம்பி, நான் அப்பமே சொன்னேன், நீங்களும் ரெண்டு வாங்கியிருக்கலாம்" என்று இன்னொரு வடையை எடுத்தாள். இந்தக் கூத்தில் கடைசியாகக் கைக்காசு போனது யாருக்கு என்று கேட்டால், பாடம் நடத்திய ஆளுக்குத்தான். நீங்களும் பாடம் நடத்தப் போனால் வடைக்குக் காசு எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

தை மாசம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கம்பெனி திறந்தபின் காளிராஜை மறுபடி மருந்து ரூமுக்கு எடுத்துக்கொண்டேன். கேட்டில் போனைப் போட்டுவிட்டு, கேட்காமலே தூக்குவாளியைத் திறந்து மாடசாமியிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். அவனை யாரும் சொல்லி அப்படிச் செய்ய வைக்கவில்லை. பழக்கமாகிவிட்டது.

செவலைக்கும் ஒரு பழக்கம் ஆகிவிட்டது. மார்க்கெட்டு மூடியாகிவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் எழுந்து போய், வேப்பமரத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் பிஸ்கட் விழும் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.